விக்கெட்டின் விலை

2 மார்ச் 2025, ஞாயிறு

சாம்பியன்ஸ் டிராஃபியில் இன்று துபாயில் நியூசிலாந்தை 205-க்குச் சுருட்டியாயிற்று. வெறும் 249 அடித்துவிட்டு 44 ரன் வித்தியாசத்தில் ஜெயிப்பது இன்றைய ஒருநாள் ஆட்டத்தில் அடிக்கடி நடக்கிற காரியமில்லை. பத்து விக்கெட்டில் ஒன்பது சுழலுக்கு. வருண் சக்ரவர்த்திக்கு மட்டும் ஐந்து, கொடுத்தது 42. அவருக்கு இது இரண்டாவது ஒருநாள் ஆட்டம்தான். முதல் ஆட்டம் போன மாதம் கட்டாக்கில், 33 வயதில். நியூசிலாந்தின் மாட் ஹென்றியும் இன்று அதே 42 கொடுத்து அதே ஐந்து எடுத்தார். அக்கா வீட்டில் அவரைப் பற்றி ஒருவரும் பேசவில்லை.

இன்றைக்கே நாக்பூரில் ரஞ்சி இறுதி ஆட்டம் டிராவில் முடிந்தது. முதல் இன்னிங்ஸ் முன்னிலையில் கோப்பை விதர்பாவுக்குப் போயிற்று, கேரளாவுக்குக் கைதட்டல். விதர்பாவின் இடக்கைச் சுழலர் ஹர்ஷ் துபே இந்த சீசனில் எடுத்தது 69 விக்கெட். ஒரே ரஞ்சி சீசனில் இத்தனை யாரும் எடுத்ததில்லை. இந்த மாதம் தொடங்குகிற ஐபிஎல்லில் எந்த அணிப் பட்டியலிலும் அவர் பெயர் இல்லை. அந்தப் பக்கம் வருண் இதுவரை ஆடிய முதல்தர ஆட்டம் ஒன்றே ஒன்று, 2018-ல்.

அக்கா மகன் ஒன்பதாவது படிக்கிறான், ஆஃப் ஸ்பின் போடுகிறான். ஆட்டம் முடிந்ததும் கேட்டான்: "இன்னா மாமா, இனிமே வருண டெஸ்ட்லயும் எடுப்பாங்க இல்ல?"

எடுக்க மாட்டார்கள் என்றேன். ஏன் என்றான். மணி பத்தைத் தாண்டிவிட்டது, நாளைக்குச் சொல்கிறேன் என்று வண்டியை எடுத்தேன்.

3 மார்ச், திங்கள்

மரக்காணம். காலையிலிருந்து கணக்குப் புத்தகம்தான். நவம்பர் 30 ஃபெஞ்சல் புயலில் உப்புப் பாத்திகள் முழுகியதிலிருந்து முதலாளி இன்னும் எழுந்திருக்கவில்லை. பக்கத்து மயிலத்தில் ஒரே நாளில் 51 செ.மீ. கொட்டிய மழை அது. சேறு வாரி, பாத்தியை மறுபடி மிதித்துக் கெட்டியாக்கி, இப்போதுதான் வெள்ளை கட்ட ஆரம்பித்திருக்கிறது.

மதியம் சாப்பிட்டபின் பழைய ரசீதின் பின்பக்கத்தில், அக்கா மகனைப் போலவே ஆஃப் ஸ்பின்னரான அஸ்வினின் கணக்கைப் போட்டேன். பையனுக்கு வாயால் சொன்னால் ஏறாது. எண்ணைக் காட்டினால் உட்கார்ந்து கேட்பான்.

டெஸ்ட்: 106 ஆட்டம், 537 விக்கெட், விக்கெட்டுக்கு 24 ரன். ஒருநாள்: 116 ஆட்டம், 156 விக்கெட், விக்கெட்டுக்கு 33 ரன். சர்வதேச டி20: 65 ஆட்டம், 72 விக்கெட், விக்கெட்டுக்கு 23 ரன் சொச்சம்.

இதை மட்டும் பார்ப்பவர்கள் சொல்வது ஒன்றுதான்: டெஸ்டில் சிங்கம், ஒருநாளில் சுமார். டீக்கடையில் பல வருஷமாகக் கேட்கிற தீர்ப்பு. ஆனால் எத்தனை பந்துக்கு ஒரு விக்கெட் என்று வகுத்துப் பார்த்தால் கதை திரும்புகிறது. டெஸ்டில் சுமார் 51 பந்துக்கு ஒன்று. ஒருநாளில் 40 பந்துக்கு ஒன்று. டி20-ல் 20 பந்துக்கு ஒன்று. ஆட்டம் சுருங்கச் சுருங்க அவருக்கு விக்கெட் சீக்கிரமாகவே விழுந்திருக்கிறது!

அப்படியென்றால் குறைந்தது அவர் திறமையல்ல, விக்கெட்டின் விலை. உப்பு அதே உப்புதான். வைகாசியில் பாத்திதோறும் குவிந்து கிடக்கும்போது ஒரு விலை, ஐப்பசி மழையில் கையிருப்பு கரையும்போது வேறு விலை. டி20-ல் பேட்டிங் அணியின் கையில் பத்து விக்கெட் இருக்கிறது, செலவு செய்யக் கிடைப்பது 120 பந்து. பன்னிரண்டு பந்துக்கு ஒரு விக்கெட்டைத் தாராளமாகத் தொலைக்கலாம். அதனால் அடிக்கிறான், அவுட் ஆகிறான், அடுத்தவன் வந்து அவனும் அடிக்கிறான். டெஸ்டில் அதே பத்து விக்கெட்டை வைத்துக்கொண்டு ஒரு நாளோ இரண்டு நாளோ ஓட்ட வேண்டும். எதிரணி இருபது விக்கெட்டையும் எடுத்தால்தான் ஜெயிக்க முடியும், டிக்ளேர் செய்வது போன்ற அபூர்வங்களை விட்டுவிட்டால். அங்கே ஒரு விக்கெட் தங்கம். 51 பந்து உழைத்து அதை 24 ரன்னுக்கு வாங்கித் தருகிறவன் ஆட்டத்தையே வாங்கித் தருகிறான்.

ஒருநாள் ஆட்டம்தான் இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டது. இரண்டாவது பவர்பிளேயிலிருந்து நாற்பதாவது ஓவர் வரை பேட்ஸ்மேன் ஆஃப் ஸ்பின்னரை அடிக்கவும் வேண்டாம், அவரிடம் அவுட் ஆகவும் வேண்டாம். ஒன்று, ஒன்று, ஒன்று என்று தட்டிக்கொண்டே இருந்தால் போதும். விக்கெட் விழாமலே ஓவருக்கு ஐந்து போய்விடும். அந்த 33 அங்கிருந்து வருகிறது.

4 மார்ச், செவ்வாய்

அரையிறுதி. ஆஸ்திரேலியா 264, நாம் ஜெயித்தோம், கோலி 84. எழுதி வைக்க வேண்டியது ஒன்றுதான். இந்தியாவை எத்தனையோ இரவு தூங்கவிடாமல் செய்த டிராவிஸ் ஹெட்டை வருண் தன் முதல் ஓவரிலேயே தூக்கினார். லாங் ஆஃபில் கில் கையில் கேட்ச். ஹெட் அந்தப் பந்தை அடித்தே ஆகவேண்டும் என்று யாரும் கழுத்தைப் பிடிக்கவில்லை. ஆனால் 50 ஓவர் என்கிற கடிகாரம் பிடிக்கிறது. டெஸ்டாக இருந்தால், கை தெரியாத ஒரு சுழலரை மூன்று நான்கு ஓவர் சும்மா காலால், மட்டையால் மறித்துப் பார்த்திருப்பார்.

5 மார்ச், புதன்

சென்னையில் எழுபதுகளில் லீக் ஆடிவிட்டு ஊர் திரும்பிய பெரியவர் ஒருவர் திண்டிவனம் சாலையில் இருக்கிறார். மாலை அவர் வீட்டுப் பக்கம் போனேன். ரசீதுக் கணக்கைக் காட்டினேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுச் சிரித்தார்.

"இது அஸ்வின் சமாச்சாரமா தம்பி? எங்க வெங்கட் சமாச்சாரம் இது."

உண்மைதான். மெட்ராஸ்காரர் எஸ். வெங்கட்ராகவன் 1965-ல் டெல்லியில் நியூசிலாந்துக்கு எதிராக ஒரே இன்னிங்ஸில் 72 ரன்னுக்கு 8 விக்கெட் எடுத்தவர். 57 டெஸ்டில் 156 விக்கெட். 1975, 1979 இரண்டு உலகக் கோப்பைக்கும் அவர்தான் கேப்டன். ஒருநாள் ஆட்டங்களில் அவர் கணக்கு 15 ஆட்டம், 5 விக்கெட். அந்தக் காலத்துச் சுழலர் நால்வர் கூட்டணியில் மற்றவர்களும் அப்படித்தான்: சந்திரசேகர் டெஸ்டில் 242 எடுத்தவர், ஒருநாள் ஆடியது ஒன்றே ஒன்று. பிரசன்னா ஒன்றுகூட ஆடவில்லை. பேடி ஆடியது பத்து, எடுத்தது ஏழு.

நான் மறுத்தேன். 1975-ல் லீட்ஸில் கிழக்கு ஆப்பிரிக்காவுக்கு எதிராகப் பேடி 12 ஓவர் போட்டார், 8 மெய்டன், 6 ரன், 1 விக்கெட். ஒருநாள் ஆட்டத்தில் இதைவிட என்ன வேண்டும்?

"அது எதிராளி யாருன்னு பாருங்க. அப்புறம் அன்னிக்குப் பந்து செவப்பு, உடுப்பு வெள்ளை, வட்டம்னு ஒண்ணு கெடையாது. டெஸ்ட் மேட்ச்ச ஒரே நாள்ல முடிச்சா எப்படி, அப்படி ஆடினாங்க."

அதே உலகக் கோப்பையில்தான் கவாஸ்கர் 60 ஓவரும் நின்று 36 நாட் அவுட் எடுத்தார், 174 பந்தில். விக்கெட்டுக்கு எந்த ஆட்டத்தில் என்ன விலை என்பது அன்றைக்குப் பேட்டிங் பக்கமே பிடிபடவில்லை.

பெரியவர் பந்தைப் பற்றி நிறையச் சொன்னார். இந்தியாவில் டெஸ்டுக்கு எஸ்ஜி பந்து. தையல் கையால் போட்டது, விரலுக்கு மேடாக நிற்கும். ஆஃப் ஸ்பின்னர் ஆள்காட்டி விரலை அந்த மேட்டில் கொடுத்துத்தான் திருகுகிறார். வெள்ளைப் பந்து கூக்கபுரா. தையல் சீக்கிரம் படிந்துவிடும், மேல்தோல் வழவழப்பு. போதாததற்கு 2011 அக்டோபரிலிருந்து ஒருநாள் ஆட்டத்தில் இரண்டு முனைக்கும் தனித்தனிப் புதுப்பந்து. ஐம்பதாவது ஓவரிலும் பந்தின் வயது 25 ஓவர்தான். கெட்டிப் பந்து, மட்டையில் பட்டால் பறக்கும். டெஸ்டில் ஒரே பந்து 80 ஓவர் உழைக்கிறது, ஆடுகளமும் அதோடு சேர்ந்து உழைக்கிறது. நான்காம் நாள் வேகப்பந்து வீச்சாளர்களின் காலடிக் குழி இடக்கைக்காரனின் ஆஃப் ஸ்டம்புக்கு வெளியே காத்துக்கொண்டிருக்கும். ஒருநாளில் அந்தக் குழி உருவாகும் முன்பே பரிசு கொடுத்து முடித்துவிடுகிறார்கள்.

7 மார்ச், வெள்ளி

ஈசிஆர் பக்கம் ராத்திரி டோர்னமெண்ட். டென்னிஸ் பந்து, எட்டு ஓவர், நான்கு கம்பத்தில் விளக்கு. அம்பயராக நிற்கக் கூப்பிட்டிருந்தார்கள்.

கடல் அருகே என்பதால் பத்து மணிக்கு மேல் புல்லெல்லாம் நீர். இரண்டாவது பேட்டிங் அணிக்குச் சுழல் போட வந்த பையன் ஒவ்வொரு பந்துக்கும் முன்னால் பனியனில் துடைத்தான். பிடி நிற்கவில்லை. நல்ல உயரத்தில் விட நினைத்தது முழுசாக மட்டைக்கே போயிற்று, மூன்று முறை தென்னந்தோப்புக்குள். கேப்டன் அடுத்த ஓவரை ஓடி வந்து எறிகிறவனிடம் கொடுத்தான். சேப்பாக்கத்திலும் ராத்திரி ஆட்டத்தில் பனி இப்படித்தான் டாஸை முடிவு செய்கிறது. டெஸ்ட் பெரும்பாலும் பகலில் நடக்கிறது, அந்தக் கவலை இல்லை.

இன்னொன்றும் கவனித்தேன். அந்தப் பையன் மோசமாகப் போடவில்லை. ஒரு பந்து மட்டையின் உள் விளிம்பில் பட்டு, கால்பக்கம் இடுப்பு உயரத்தில் எழும்பிப் போயிற்று. ஷார்ட் லெக்கில் ஆள் இருந்தால் அவுட். எட்டு ஓவர் ஆட்டத்தில் யார் அங்கே ஆளை நிறுத்துவார்? ஸ்லிப், சில்லி பாயிண்ட், ஷார்ட் லெக் என்று மட்டையைச் சுற்றி வளையம் கட்ட டெஸ்டில் மட்டும்தான் மனசும் வசதியும் இருக்கிறது. குட்டை ஆட்டத்தில் அதே உள்விளிம்பு ஒரு ரன். அஸ்வின் எடுத்த 537-ல் 383 இந்தியாவில் எடுத்தது. அவற்றில் எத்தனையோ கேட்ச் மட்டைக்கு நாலடி தள்ளி நின்ற ஆட்களின் கையில். அந்த ஆட்களைக் கழித்துவிட்டு அவரைப் பந்து போடச் சொன்னால் வேறு பந்துதான் போடுவார்.

8 மார்ச், சனி

லோடு இரண்டு. ஒன்றும் விசேஷமில்லை. மருமகன் நாளைய ஆட்டத்துக்கு இப்போதே நகம் கடிக்கிறான்.

9 மார்ச், ஞாயிறு

கோப்பை நமக்கு. நியூசிலாந்து 251/7, இந்தியா 49 ஓவரில் 254/6, ரோஹித் 76. ஆனால் நான் பார்த்த ஆட்டம் முதல் பாதிதான்.

இந்தியாவின் நான்கு சுழலரும் சேர்ந்து 38 ஓவர்: 144 ரன், 5 விக்கெட். வேகம் போட்ட 12 ஓவரில் 104. குல்தீப் தன் முதல் பந்திலேயே ரச்சினின் ஸ்டம்பைத் தட்டினார், அடுத்த ஓவரில் வில்லியம்சன் அவரிடமே கேட்ச் கொடுத்தார். ஜடேஜா 10 ஓவரில் 30 ரன், 1 விக்கெட்.

மருமகன் சரியாகப் பிடித்துக்கொண்டான். "மாமா, ஒருநாள்ல ஸ்பின் ஒத்துவராதுன்னீங்களே?"

நான் சொன்னது அப்படியல்ல. ஒரே மாதிரி ஒத்துவராது என்றுதான். இன்று துபாய் ஆடுகளம் மெதுவாக இருந்தது, பந்து பிடித்து வந்தது. பேட்ஸ்மேனால் நின்ற இடத்திலிருந்து தூக்க முடியவில்லை. இரண்டு முனையிலும் சுழல், ஓவருக்கு நான்கு ரன்கூட வரவில்லை, ரன் விகிதம் கழுத்தில் ஏறுகிறது. இங்கே விக்கெட் எடுத்தது பாதிப் பந்து, பாதி ஸ்கோர்போர்டு. ஜடேஜா கொடுத்த 30 ரன்னுக்கு விக்கெட் பட்டியலில் ஒன்று மட்டும்தான் இருக்கிறது, அந்தப் பக்கம் விழுந்த விக்கெட்டுகளில் அவருக்கும் பங்கு உண்டு. 2023 உலகக் கோப்பையில் சேப்பாக்கத்தில் ஆஸ்திரேலியாவுக்கு எதிராக அஸ்வின் 10 ஓவரில் 34 கொடுத்து 1 எடுத்தார், ஜடேஜா 28-க்கு 3. அதன்பின் அந்தக் கோப்பையில் அஸ்வினுக்கு வேறு ஆட்டம் கிடைக்கவில்லை. அந்த 34-ஐ யார் ஞாபகம் வைத்திருக்கிறார்கள்?

"முரளி?" என்றான் விடாமல். டெஸ்டில் 800, விக்கெட்டுக்கு 22.72. ஒருநாளில் 534, விக்கெட்டுக்கு 23.08. ஏறக்குறைய ஒரே விலை. இதற்கு என்னிடம் பதில் பாதிதான் உண்டு. அவர் விரலால் மட்டும் திருகவில்லை, மணிக்கட்டும் சுழன்றது. எந்தத் தரையிலும் திரும்பியது. இரண்டு பக்கமும் திரும்பியது. தவிர, அவர் காலத்தில் இரண்டு முனைக்கும் ஒரே பந்து. அவர் விடைபெற்ற அதே 2011-ல்தான் இரண்டு பந்து விதி வந்தது. மீதிப் பாதி, அவர் முரளி.

நியூசிலாந்தின் சான்ட்னரைப் பாருங்கள். வெள்ளைப் பந்துக்காரர் என்றே பெயர் வாங்கியவர். போன அக்டோபரில் புணேயில் டெஸ்ட் ஆடி 13 விக்கெட் எடுத்தார். அதற்கு முன் டெஸ்டில் ஒரு இன்னிங்ஸில் ஐந்து எடுத்ததே இல்லை. தரை திரும்பியது, நம் ஆட்களின் பொறுமை தீர்ந்தது. ஆகவே இன்னார் இந்த ஆட்டத்துக்குத்தான் என்று முத்திரை குத்தும்போது கொஞ்சம் கை நடுங்குவது நல்லது.

13 மார்ச், வியாழன்

மாலை ஏரிக்கரையில் மேட்டிங் விரித்து மருமகனுக்குச் சிவப்புப் பந்து கொடுத்தேன். பிடித்துப் பார்த்து, "கனமா கீது" என்றான். டென்னிஸ் பந்து பழகிய கை.

குத்தி எறிகிறான். தட்டையாக, வேகமாக, கால் ஸ்டம்பை நோக்கி. எட்டு ஓவர் ஆட்டம் அவனுக்குச் சொல்லிக் கொடுத்தது அது: அடி வாங்காதே. அங்கே அதுதான் புத்திசாலித்தனம். தூக்கிவிடு, பேட்ஸ்மேன் கண்ணுக்கு மேலே போகட்டும், அங்கிருந்து விழட்டும் என்றேன். விட்டான். ஒன்று தலைக்கு மேல் போயிற்று, ஒன்று பாதியில் விழுந்தது. நாலைந்து கழித்து ஒன்று காற்றில் மெல்ல வெளியே நகர்ந்து, தரையில் பட்டு உள்ளே திரும்பி, எதிரில் நின்ற பெரிய பையனின் மட்டைக்கும் காலுக்கும் இடையே புகுந்தது. அவன் முகத்தைப் பார்க்க வேண்டுமே!

அந்தப் பந்தை டி20-ல் போட்டால் ஆறு போகலாம் என்பதும் உண்மை. காற்றில் மிதக்கிற பந்து பேட்ஸ்மேனுக்கு இறங்கி வர நேரம் கொடுக்கிறது. டெஸ்டில் அவன் இறங்கி வரத் தயங்குவான். ஸ்டம்பிங் ஆனால் நாள் முழுக்கப் பெவிலியனில் உட்கார்ந்திருக்க வேண்டும். அந்தத் தயக்கம்தான் ஆஃப் ஸ்பின்னரின் சோறு. அஸ்வின் தெருவில் டென்னிஸ் பந்து ஆடும்போது கண்ட சொடுக்குப் பந்தைப் பிற்பாடு தோல்பந்தில் கொண்டுவந்தார். ஆனால் 106 டெஸ்ட் ஆட வைத்தது அந்தச் சொடுக்கு அல்ல, ஒரே இடத்தில் விழுந்து விழுந்து பேட்ஸ்மேனை அரித்த சாதாரண ஆஃப் பிரேக்.

16 மார்ச், ஞாயிறு

டெஸ்டில் ஆசை உண்டு, ஆனால் தன் பந்துவீச்சு அதற்குப் பொருந்தாது என்று வருணே ஒரு பேட்டியில் சொல்லியிருக்கிறார். கிட்டத்தட்ட மிதவேகம் மாதிரி வேகமாகப் போடுகிறவர் அவர். டெஸ்டில் 20, 30 ஓவர் தொடர்ந்து போட வேண்டும், தன்னால் 10, 15 ஓவருக்கு மேல் முடியாது என்கிறார். இவ்வளவு நேராகச் சொல்ல ஒரு தைரியம் வேண்டும். 2021 டி20 உலகக் கோப்பையில் மூன்று ஆட்டத்தில் ஒரு விக்கெட்டும் இல்லாமல் திரும்பி, மூன்று வருஷம் வெளியே நின்று, தன் சரக்கு எது என்று தெரிந்துகொண்டு வந்தவர்.

பையன் அந்தப் பேட்டியைக் காட்டி, "அவரே சொல்லிட்டாரு" என்றான், கொஞ்சம் ஏமாற்றத்தோடு. இலங்கையின் அஜந்த மெண்டிஸ் கதையைச் சொன்னேன். 2008 ஜூலையில் கராச்சியில் ஆசியக் கோப்பை இறுதி ஆட்டத்தில் நம்மை 13 ரன்னுக்கு 6 எடுத்துச் சாய்த்தவர். அந்த மாதமே தொடங்கிய டெஸ்ட் தொடரில் மூன்றே டெஸ்டில் 26 விக்கெட். டெண்டுல்கர், டிராவிட், கங்குலி, லட்சுமணன் எல்லாரும் விழித்தார்கள். பிறகு வீடியோ போட்டுப் பார்த்தார்கள், கையைப் படித்தார்கள். அதன்பின் ஆடிய 16 டெஸ்டில் அவர் எடுத்தது 44. ஒருநாளிலோ 87 ஆட்டத்தில் 152. நான்கு ஓவரிலும் பத்து ஓவரிலும் புதிர் தாங்கும். முப்பது ஓவர் பார்த்த பிறகு அது புதிர் இல்லை. அப்போது கையில் எஞ்சியிருப்பது பொறுமையும் நீளமும்தான்.

நம் பக்கத்துப் பையன்கள் எல்லாரும் இன்று வருண் மாதிரிதான் போடப் பார்க்கிறார்கள். தப்பில்லை. பணமும் அங்கேதான் இருக்கிறது. ஆனால் ஒரு பையன் எந்த வகை என்று கண்டுபிடிக்கவே நாம் வாய்ப்பு கொடுப்பதில்லை. தமிழ்நாட்டின் சாய் கிஷோர் 2023-24 ரஞ்சியில் நாட்டிலேயே அதிகமாக 53 விக்கெட் எடுத்தார். எட்டு ஓவர் ஆட்டத்தில் மட்டும் வளர்ந்திருந்தால் அந்தச் சாய் கிஷோரை யாருக்குத் தெரிந்திருக்கும்?

அடுத்த ஞாயிறு டோர்னமெண்ட் கமிட்டிக் கூட்டம். கிளியனூர், மரக்காணம், வானூர்ப் பக்கம் ஆட்டம் நடத்துகிற எல்லாரிடமும் கேட்கப் போகிறேன்: பரிசுப் பணத்தில் கை வைக்க வேண்டாம், ராத்திரி ஆட்டத்தை நிறுத்த வேண்டாம். பதினாறு வயசுக்குட்பட்ட பையன்களுக்கு மாதம் ஒருமுறை மேட்டிங் விரித்து, சிவப்புப் பந்து கொடுத்து, ஒரு நாள் முழுக்க ஓர் ஆட்டம் நடத்துங்கள். ஒருவன் இத்தனை ஓவர்தான் போட வேண்டும் என்கிற கணக்கு மட்டும் அன்றைக்கு வேண்டாம். ஷார்ட் லெக்கில் ஹெல்மெட்டோடு ஒரு பையனை நிறுத்துங்கள். ஹெல்மெட்டுக்கு நான் காசு தருகிறேன்.